மூன்றாவது பெட்டி

என் பிரியமான அத்தானுக்கு,

உங்கள் சி.டி. பிளேயர் போய்விட்டது. குற்றவாளி என் அக்காதான். நீங்கள் இல்லாத முதல் சரஸ்வதி பூஜைக்கு, தட்டைத் திறந்து உள்ளேயும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டாள். கழற்றிப் பார்த்த மெக்கானிக், "லென்ஸ் பூரா குங்குமமா கெடக்கு அண்ணாச்சி, மோட்டாரும் போச்சு" என்றார்.

அன்றிலிருந்து அக்கா உங்கள் பாட்டு அறைக்குள் வருவதில்லை. "அவுக பெட்டிய நானே கெடுத்துப்போட்டேன்லே" என்று ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி. ஞாயிறு தவறாமல் உங்களோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டவள். அவளைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்றுதான் நான் இதில் இறங்கினேன்.

இப்போது முழு பிளேயர் வாங்க வேண்டியதில்லையாம், தெரியுமா? டிஸ்க்கைச் சுற்றிப் படித்து அனுப்ப மட்டும் ஒரு பெட்டி. அதற்கு டிரான்ஸ்போர்ட் என்று பெயர். படித்ததைச் சத்தமாக மாற்றுவதை நீங்கள் தனியாக வாங்கிவைத்த ‘டாக்’ பெட்டி பார்த்துக்கொள்ளும். டிஸ்க்கில் பாட்டு எண்களாகத்தான் பதிந்திருக்கிறதாம்; எந்தப் பெட்டி படித்தாலும் அதே எண்கள்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்? இதைக் கேட்டுக் கேட்டே வண்ணார்பேட்டைக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டேன். டிஸ்க் ஆடக் கூடாது, மோட்டார் இரையக் கூடாது, கீறல் இருந்தாலும் பாட்டு தடுக்கக் கூடாது என்றார். கடைசியில், "நீங்களே கேட்டுப் பாத்து எடுங்க அண்ணாச்சி" என்று மூன்று பெட்டிகளை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

உங்கள் நையாண்டி மேள டிஸ்க்கை எடுத்தேன். கீறலுக்கு அதில் பஞ்சமில்லை. முதல் பெட்டி போட்டதுமே வாசித்தது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பிவிட்டாள். இரண்டாவதும் உடனே பிடித்துக்கொண்டது, இன்னும் துல்லியம். அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவதில் மேல்மூடியைத் தூக்கி, டிஸ்க்கைக் கையால் வைத்து, அதன்மேல் ஒரு காந்த வில்லையை வைக்க வேண்டும். மூடினேன். சுற்றிக்கொண்டே இருந்தது, சத்தத்தைக் காணோம். "இது படிக்கக் கொஞ்சம் பைய ஆவும், அதுதான் இதுல குறை" என்று கடைக்காரர் நெளிந்தார். அதற்குள் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் தவிலில் முதல் அடி விழுந்தது.

மேளம் முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. "இதையே வச்சுக்கிடுவோம்லே. மத்ததெல்லாம் நான் வாரதுக்குள்ள ஆரம்பிச்சிருதுல்லா" என்றாள்.

சத்தத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு ஒன்றாகத்தான் கேட்டது. எனக்குப் பிடிபடாதது வேறு. உங்கள் பழைய பெட்டியும் இப்படித்தானே பாட்டைத் தொடங்காமல் முனகிக்கொண்டிருக்கும்? லென்ஸைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று எத்தனை தடவை ஸ்க்ரூடிரைவரோடு வந்தேன். "கெடக்கட்டும்லே, இப்ப என்ன அவசரம்" என்று விரட்டுவீர்கள். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வரட்டும் என்றுதான் விட்டுவைத்தீர்களா? அவளிடம் கேட்டேன். நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். நீங்கள் இல்லாதது அன்றைக்குத்தான் எனக்கு ரொம்ப வலித்தது.

மூன்றாவது பெட்டியை வாங்கிவிட்டோம் அத்தான். இதைச் சீக்கிரம் படிக்கவைக்கிறேன் என்று எந்தக் கெட்டிக்காரன் வந்தாலும், கெடக்கட்டும்லே என்று இனி நான் விரட்டிவிடுவேன்.

என்றும் உங்கள் மச்சினன்,
முருகேசன்