தையல்காரன் செய்த போரிங் டூல்

அன்பு மனைவிக்கு,

இங்கே நான், மகள், தையல் மெஷின் மூவரும் நலம். மூன்றாவது ஆள் நேற்று வரை நலமாக இல்லை. உன் கடிதம் வந்த அன்றுதான் அதன் கைச்சக்கரம் ஆட ஆரம்பித்தது.

பம்பு கம்பெனியில் லேத் வேலைக்கு உன்னை நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், நீயோ மாட்டேன் என்று சொல்லப் போகிறாய். எனக்குச் சந்தோஷமும் கோபமும் ஒன்றாக வந்தன. காரணம் வேறு எழுதியிருக்கிறாய்: "மெஷின்ல ஒரு ஸ்க்ரூ கழண்டாலே கையைப் பிசைஞ்சுகிட்டு நிப்பீங்க, உங்களை நம்பி நான் எப்படி இங்க இருக்கிறது?" படித்ததும் சுருக்கென்றது. நீ வீட்டில் கடைசல் பிடிக்கும் சின்ன லேத்தை மூடியிருந்த துணியை எடுத்துவிட்டேன். பதறாதே, பத்து விரலும் இருக்கின்றன.

சக்கரத்துக்குள் அச்சைப் பிடித்திருக்கும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது. புதிதாகச் செய்ய ஒரு பித்தளைத் துண்டை மாட்டினேன். வெளிப்பக்கம் சமர்த்தாக வந்தது. உள்ளே துளையைப் பெரிதாக்கப் போனதில்தான் வந்தது வினை. மெல்லிய துணிக்கு மெல்லிய ஊசி என்று பழகிய கை. சின்னத் துளைதானே என்று துளையைக் குடையும் உன் போரிங் டூல்களில் இருப்பதிலேயே ஒல்லியானதை எடுத்து, நீளமாக வெளியே நீட்டி மாட்டினேன். அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு டிரைவர் ஓடி வந்து, "உள்ள யாரை சார் கட்டிப்போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். துளைக்குள் பார்த்தால் பாவாடைச் சுருக்கம் போல வரி வரியாக இருந்தது. அந்த புஷ் வீணாகிவிட்டது.

அப்புறம்தான் உன் டிராயரை நிதானமாகப் பார்த்தேன். ஒல்லியான டூல்கள் எல்லாம் புத்தம் புதிதாக மின்னின. தடியானவைதான் கறுத்துத் தேய்ந்திருந்தன. துளைக்குள் நுழைகிற அளவுக்குத் தடியானதை, முடிந்தவரை குட்டையாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்கே புரிந்துவிட்டது. இந்தத் துளைக்குத் தோதான தடிமனில் ஒன்றும் இல்லை. நானே செய்தேன்! இரும்புக் கம்பியின் நுனியில் குறுக்கே துளையிட்டு, வெட்டும் துண்டைச் செருகி, ஸ்க்ரூவால் இறுக்கி, கிரைண்டரில் தீட்டினேன். கூர் பிரமாதம். ஆனால் வேறொரு பித்தளைத் துண்டில் வைத்துப் பார்த்தால் வெட்டாமல் தேய்த்தது. கூருக்குக் கீழே இருந்த உலோகச் சதை துளையின் வளைவில் முட்டிக்கொண்டிருந்தது. சட்டைக்குக் கைக்குழி வெட்டுகிற மாதிரி அந்த இடத்தை வளைத்து எடுத்தேன். பித்தளை பொடிப்பொடியாகக் கொட்டியது பார், நான் போட்ட சத்தத்தில் டிரைவர் மறுபடியும் வந்துவிட்டார்.

இரண்டாவது புஷ் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சக்கரம் இம்மியும் ஆடவில்லை. "அப்பா, அம்மா இதை சத்தியமா நம்ப மாட்டாங்க" என்கிறாள் உன் மகள். அதனால் முதலில் கெடுத்த புஷ்ஷையும் சேர்த்து அனுப்புகிறேன். அதைப் பார்த்தால் நான் செய்ததுதான் என்று நம்புவாய்.

நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? அதற்காக நீ ஆசைப்பட்ட வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவர்கள் கெடு வைத்த வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிடு. துணி எல்லா ஊரிலும் கிழிகிறது, எங்கே போனாலும் எனக்குப் பிழைப்பு உண்டு. மகளின் பரீட்சை முடியட்டும். அங்கே வீடு பார்க்கும்போது மூன்று பேருக்குப் பார்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்