ஜூலையில் பிறக்கும் ஆண்டு

ஜனவரி 19, திங்கள்
கம்பெனியை வாங்கிய வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணக்கு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறதாம். நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். இனி எல்லா அறிக்கையும் அவர்கள் ஆண்டுப்படி வேண்டும் என்று மேலாளர் சங்கரசுப்பிரமணியன் சார் சொல்லிவிட்டார். பேட்டையில் ஐஸ்கிரீம் செய்கிற இந்த ஆலையில் கணினி அறிக்கைக்கு நான் ஒருத்திதான். ஆண்டு எதில் முடிகிறதோ அதுதான் அதன் பெயர்; அதனால் போன ஆகஸ்டு 2026ஆம் ஆண்டில் விழ வேண்டும். என் நிரல் 2025 என்கிறது. மாற்றினால், ஜூன் இரண்டு ஆண்டிலும் வந்து நிற்கிறது. தலைவலி.

ஜனவரி 20
ஜூன் சரியாகிவிட்டது.

ஜனவரி 23, வெள்ளி
சோதித்துப் பார்க்க, சின்ன அறிக்கையாக அம்மோனியாக் கசிவை எடுத்தேன். குளிரூட்டும் குழாயில் வாயு கசிந்து எச்சரிக்கை மணி அடித்தால் பதிவாகும். ஓராண்டில் பத்தைத் தாண்டினால் ஆலையை நிறுத்திக் குழாய்களை மாற்ற வேண்டும் என்பது கம்பெனி விதி. ஏப்ரல் கணக்கில் போன ஆண்டு ஒன்பது, இந்த ஆண்டு இதுவரை ஏழு. குறைந்திருக்கிறது என்றுதான் வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தேன். ஜூலைக் கணக்கில் ஒரே ஆண்டில் பதினைந்து.

தப்பாக எழுதிவிட்டேனோ? தேதி தேதியாகப் பார்த்தேன். தப்பில்லை. போன கோடையில் மார்ச்சில் எட்டு, ஏப்ரல் மே மாதங்களில் ஏழு. நடுவில் மார்ச் 31 வந்து அந்தக் கோடையை இரண்டாக வெட்டியிருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்
சாரிடம் காட்டினேன்.

“இந்த ஒண்ண மட்டும் பழைய கணக்குலயே போடும்மா. கோடை ஆர்டர் முடியட்டும், ஜூன்ல மூடி மாத்திருவோம்.”

கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டே இரண்டு கணக்கையும் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அதன்பிறகு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிப்ரவரி 17
வெளிநாட்டிலிருந்து பதில். அறிக்கையின் வடிவம் நன்றாக இருக்கிறதாம். பதினைந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மார்ச் 9, திங்கள்
வெயில் ஏறிவிட்டது. அண்ணன் மனைவி அஞ்சலின் மயினி ஆலையில் பேக்கிங் கூடத்தில் வேலை செய்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கூடத்தில் எல்லாரும் மூக்கில் ஈரத்துணி கட்டித்தான் நிற்கிறார்களாம். என் திரையில் இந்த மாதம் ஒரு மணிகூட அடிக்கவில்லை. எப்படி?

மார்ச் 12
இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் மதார் அண்ணனிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மணிய அணைச்சு வச்சிருக்கு, தங்கச்சி. எல்லாரும் பயப்படுதாங்கன்னு சார் சொல்லிட்டாரு.”

ஏப்ரல் 1, புதன்
புது நிதியாண்டு. கசிவு பூஜ்யம். ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். என்னுடையதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டில் மயினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “என்கிட்ட சொன்னத அங்கன எல்லாருகிட்டயும் சொல்லுவியா?” என்றாள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்—

ஏப்ரல் 2
சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் கூடத்துக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். குழாயை மாற்றாமல் உள்ளே போகமாட்டோம் என்று பெண்கள் கேட் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாளை பெரிய வெள்ளி; அதற்குப் பிறகும் நான் வர வேண்டாமாம்.

ஏப்ரல் 7, செவ்வாய்
குழாய் வெடிச்சிருச்சு. காலையில. மயினி போன்ல அழுதா. பேக்கிங் பொம்பளைங்க எல்லாரும் இன்னும் கேட்லதான் உக்காந்திருந்திருக்காங்க. கூடத்துல ஒருத்தரும் இல்ல. மதார் அண்ணன் மட்டும் வால்வ மூட உள்ள போயிருக்காரு. அவர் மூடலைன்னா பக்கத்துத் தெருவுக்கும் போயிருக்கும். சார்தான் அவர வெளிய இழுத்துப் போட்டாராம். மணி அடிச்சிருந்தா?

மதார் அண்ணனுக்குக் கண்ணு. ரெண்டு கண்ணும்—

ஏப்ரல் 8
எழுத முடியவில்லை.

ஜூன் 14, ஞாயிறு
ஆராதனை முடிந்து மேலப்பாளையம் போய் மதார் அண்ணனைப் பார்த்தேன். ஆலை இன்னும் திறக்கவில்லை. சார்மேல் வழக்கு நடக்கிறது. அதையெல்லாம் மதார் அண்ணன் கேட்கவில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே, “சாலோமியா? வாம்மா” என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்து ஒரு டம்ளரை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

“வெளிச்சம் தெரியுது. ஆளு தெரியல. நீ சும்மா எதையாவது பேசிக்கிட்டு இரும்மா.”

பேசினேன். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதை, மயினிக்கு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்ததை. அவர் சிரித்துச் சிரித்துக் கேட்டார் — முகத்தை எனக்குச் சற்றுத் தள்ளியிருந்த சுவரின் பக்கம் வைத்துக்கொண்டு. நான் பைய நகர்ந்து அங்கே போய் உட்கார்ந்தேன்.