பிள்ளையாருக்குப் போன ஓர்கிட்

அன்புள்ள அம்மா அறிய,

நான் நல்ல சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? போனிலை சொன்னால் நீங்கள் வேறை கதை எடுத்திடுவியள், அதுதான் எழுதிறன்.

நான் பாரிசுக்கு வெளிக்கிடேக்கை மாமரத்திலை தேங்காய்ப் பொச்சுமட்டை வைச்சுக் கட்டின ஓர்கிட் செடி, பூத்ததோ பூத்ததோ எண்டு மூண்டு வருசமாய்க் கேட்டுக் களைச்சுப்போனன். இப்பதான் முதன்முதல் பூத்தது. அதைத் தண்டோடை முறிச்சுப் பிள்ளையாருக்கு வைச்சிருக்கிறியள்! தங்கச்சி தர்சினி அனுப்பின படத்திலை, பூவைத் தட்டத்திலைதான் பார்த்தன். மரத்திலை விட்டிருந்தால் மூண்டு கிழமை வாடாமல் நிண்டிருக்கும். அவருக்கு அறுகம்புல் காணாதோ?

என்ரை அகதி விசாரணைக்காகத்தான் வைச்சனீங்கள் எண்டு தெரியும். அண்டைக்கு மொழிபெயர்ப்பாளர் வரேல்லை, திரும்பவும் தள்ளிப் போட்டிட்டினம். பயப்பிட ஒண்டுமில்லை. குடிக்கக் கோப்பி தந்துதான் அனுப்பினவை.

இனியாவது சொல்லுக் கேளுங்கோ. கிணத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ, சுண்ணாம்பு வேரிலை படிஞ்சிடும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சுத் தெளியுங்கோ. பயிருக்குப் போடுற மாதிரி மண்ணும் மாட்டெருவும் போட்டு வேரை மூடாதேங்கோ, அதுக்குக் காத்துத்தான் வேணும். அந்தக் காஞ்ச பூவை எறியாமல் ஒரு என்வலப்புக்குள்ளை வைச்சு அனுப்புங்கோ. மணம் கொஞ்சமெண்டாலும் இருக்கும்.

வேலைக்கு நேரமாச்சு. புதுசாய் இன்னொரு தண்டு மொட்டு விட்டிருக்கெண்டு தர்சினி சொன்னாள். அதாலை, அடுத்த விசாரணை எப்ப எண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன்.

மகன்
கஜீபன்