நாலு மணி நேரத் தூரம்

தென்காசி,
ஆகஸ்ட் 3.

அன்பு மகன் இத்ரீஸுக்கு உம்மா ஹாஜரா பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கச்சி ஷிஃபாவும் அல்லாஹ்வின் கிருபையால் இருக்கிறோம், சுகமா என்று மட்டும் கேட்காதே. நீ அங்கே ஏசி அறையில் சுகமாகத்தான் இருப்பாய், அதற்கும் துஆ செய்கிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

வாப்பாவின் நாற்பதாம் பாத்திஹாவுக்கு லீவு இல்லை என்றாய், சரி. அதோடு நிறுத்தாமல், உங்களுக்கு ஒரு அவசரம்னா கவலப்படாதீங்க உம்மா, துபாய்ல இருந்து திருவனந்தபுரம் நாலு மணி நேரந்தான், பறந்து வந்துருதேன் என்றாய் பார், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாப்பா மவுத்தான அன்றைக்கும் இதையேதான் சொன்னாய். விடியக்காலை சுபுஹுக்கு உயிர் பிரிந்தது, மத்தியானம் லுஹருக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். நீ செல்போனைப் பார்த்து, இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், பத்து மணிக்கு ப்ளைட், இரண்டு மணிக்கு இறங்கி ஐந்துக்கெல்லாம் வாசலில் நிற்பேன் என்றாய். அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்றரை என்பது பன்னிரண்டு வருஷம் துபாயில் இருக்கிற என்ஜினியருக்குத் தோன்றவில்லை. நீ வேலை விட்டு வந்திருப்பாயா என்று தினமும் ஒன்றரை மணி நேரம் கூட்டிப் பார்க்கிற எனக்கும் அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. மையத்தக் காக்க வைக்கக் கூடாது லாத்தா என்று ஜமாஅத் தலைவர் சொல்லச் சொல்ல, கெஞ்சி அஸர் வரை நிறுத்தினேன், பிறகு பொழுதடையும் மஃரிப் வரை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நீ போட வேண்டிய முதல் பிடி மண்ணை ஷிஃபா மாப்பிள்ளை ஹுஸைஃபா போட்டார்.

எட்டரைக்கு வந்து இறங்கினாய், காரின் தலையில் இரண்டு பெட்டி! குற்றாலம் சீசன் கூட்டம் புளியரையில் ரோட்டை அடைத்துவிட்டது என்றாய். ரோட்டில் வீணானது அரை மணி நேரம்தானாம், ஏர்போர்ட்டில் பெட்டி வரும் வரை ஒன்றரை மணி நேரம் நின்றாயாம், டிரைவர் ஷிஃபாவிடம் சொல்லியிருக்கிறான். லீவுக்குக் கட்டி வைத்த பெட்டியாம், வெறுங்கையோட போனா ஊரு ஏசும்லா என்றாயாம். ஏலே, வாப்பாவை அடக்க வருகிறவனிடம் யாராவது கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கேட்பார்களா? இப்போது மட்டும் ஊர் உன்னை மெச்சுகிறதா? பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் மண் போடக் கபுரடிக்காவது வந்து சேர்ந்திருப்பாய். படித்த படிப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். பெட்டி இல்லாமல் ஊருக்கு வரத் தெரியாதவனாக உன்னை வளர்த்தது நாங்கள்தான், அந்த வெட்கமும் எனக்கு இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வயிற்றுப்புண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி புரோட்டா தின்னாதே. இன்னொன்று, ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் மவுத்தானால் அடுத்த தொழுகை வக்துக்குள் எடுத்துவிட வேண்டும், யாருக்காகவும் காக்கக் கூடாது, என் மகனுக்காகவும். உன் வாப்பாவைப் பகல் முழுக்கக் காக்க வைத்த பாவம் எனக்குப் போதும். வாப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று முற்றத்தில் விழுந்து அழுதாய். என் முகம் இன்றைக்கு இங்கே இருக்கிறது, கையை வீசிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போ.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் கொஞ்சம் புத்தியையும் தரட்டும். வாப்பாவுக்காக யாசீன் ஓத மறக்காதே.

உன் உம்மா,
மசூது மனைவி ஹாஜரா பீவி.