சாவியை எடுத்த பிறகும்

இன்று மாலையும் போர்ச்சில் காரை நிறுத்திச் சாவியை உருவினேன். இயந்திரம் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் சீனத்து ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஹேய், கெரெத்தா பெலும் மாத்தி லா!" என்று கூவினார். கார் இன்னும் அணையவில்லையாம். எனக்குத் தெரியாதா? சூடான எண்ணெய் வாடை உள்ளே வந்தது. உங்கள் சட்டைகளின் வாடை. கூடவே கோபமும் வந்தது.

உங்களை நினைத்தால் அழுகை வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உங்களோடு சண்டை போட வேண்டும்போல் இருக்கிறது.

நமக்குத் திருமணமான புதிதில் வாங்கிய கார் இது. மாதாமாதம் கோலா கங்சாரில் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போவோம். ஜெலாப்பாங் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் மூச்சு வாங்கும். ஏசியை அடைத்தால்தான் ஏறும். மகள் பின்னால் வியர்த்து முனகுவாள். ஒருநாள் செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டு வந்த வெறும் லோரி ஒன்று ஹாரன் அடித்தபடி நம்மை முந்திப் போனது. நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"தோட்டத்துல லோரியில மாடு மாதிரி நின்னுக்கிட்டே ஸ்கூலுக்குப் போனவன் நான். சொந்தக் கார்ல போறப்பவும் லோரி புகையத்தான் குடிக்கணுமா?"

அதனால்தான் நீங்களும் சேகரண்ணனும் காருக்கு இழுவை கூட்டும் டர்போ மாட்டக் கிளம்பியபோது நான் தடுக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியிலிருந்தே உங்கள் கூட்டாளி அவர், ஜெலாப்பாங்கில் பட்டறை. ஜப்பானில் பாதியாக வெட்டிக் கப்பலேற்றிய பழைய கார்களைக் குவித்து விற்கும் கடையில் ஒரு டர்போவைத் தேடிப் பிடித்தீர்கள். நம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் போனட்டுக்குள் போயின. முன்சக்கரம் இழுக்கும் கார் அல்லவா, வேகம் பொங்கும் கணத்தில் ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் திமிறியது. "கெட்டியா புடி லா, பழகிடும்" என்று எனக்கும் ஓட்டக் கொடுத்தீர்கள்.

முதல்முறையாக ஏசியை அடைக்காமல் மலை ஏறினோம். மகள் கைதட்டினாள். டர்போ விசில் அடித்தது, நீங்களும் அடித்தீர்கள். அந்த நாளைக்கூட நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டீர்களே.

சாவியை எடுத்த பிறகும் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிடும் டைமர் ஒன்றையும் பொருத்தினீர்கள். "சூடா இருக்கறத சட்டுனு அடைக்கக் கூடாது. உள்ளுக்குள்ள எண்ணெய் கருகிடும். கொஞ்சம் ஆறட்டும்." காருக்கு இந்தக் கரிசனம். நீங்கள்? தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த காலோடு, சோறுகூடத் தின்னாமல் போனட்டைத் திறப்பீர்கள்.

நெஞ்சு அடைக்கிறது என்று சொன்ன அன்று, "அங்கின் லா, காத்துப் புடிப்பு" என்று தைலம் தேய்க்கச் சொன்னீர்கள். தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். அதற்கடுத்த நாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, உங்களைக் கிளினிக்குக்கு அழைத்துப் போக வாசலில் நின்றேன். நீங்கள் காரைக் கிளப்பிக் காதைச் சாய்த்தீர்கள்.

"டர்போ பக்கம் ஒரு சத்தம் கேக்குது. சேகர்கிட்ட காட்டிட்டு வந்துர்றேன். மத்தியானம் கிளினிக் போலாம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. மொதல்ல உங்க நெஞ்சப் பாருங்க."

"நெஞ்சு எங்க ஓடிப் போவுது?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சேகரண்ணன்தான் போன் செய்தார். "நல்லாத்தான்மா பேசிக்கிட்டு இருந்தான். ஸ்டூல்ல உக்காந்து தண்ணி கேட்டான்." அவர் தண்ணீரோடு திரும்புவதற்குள் நீங்கள் இல்லை.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உங்கள் கூட்டாளிகள் போர்ச்சில் போனட்டைத் திறந்து நின்றார்கள். "பைப்ப எப்படி வளைச்சிருக்கான் பாரு மச்சான்." "கில்லாடி லா." ஒருவன் படம் வேறு எடுத்தான். எழுந்து போய்ப் போனட்டை அறைந்து மூடினேன். தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர் ஓர் அடியை விட்டுவிட்டார்.

"விடும்மா, அவன் பெருமையத்தான பேசுறானுங்க" என்றார் உங்கள் அம்மா.

"போனட்டத் தொறந்து பாக்குறீங்களே, நெஞ்சக் கொண்டுபோய்க் காட்டுடான்னு ஒருத்தராவது அவருகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். சொல்லியிருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பது எனக்கும் தெரியும்.

காரை அப்படியே விலைக்குக் கேட்டு இளைஞர்கள் வந்தார்கள். கொடுக்கவில்லை. மகள் இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள். திமிறும் ஸ்டியரிங்கை அவள் கையில் கொடுக்க மாட்டேன். சேகரண்ணனை வரச்சொல்லி டர்போவைக் கழற்றச் சொன்னேன். பழைய குழாய்களையே திரும்பப் பூட்டினார். நத்தைக் கூடு மாதிரி இருந்த அந்த இரும்பை என்னிடம் நீட்டினார். "நீங்களே வச்சிக்குங்கண்ணே" என்றேன். "உங்களுக்கும் நெஞ்சு கரிக்குதுன்னு அண்ணி சொன்னாங்க. நாளைக்குக் கிளினிக் போறோம்."

"அது அங்கின்மா..."

"வாய மூடுங்க."

மறுநாள் முனகிக்கொண்டே வந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையை இப்போது விடாமல் போடுகிறார்.

டர்போவைக் கழற்றிய அன்று அவர் கடைசியாகக் கேட்டார்: "டைமரையும் எடுத்துரவாம்மா? இனிமே அதுக்கு வேல இல்ல."

"அது இருக்கட்டும்" என்றேன்.

இப்போது மலையில் மறுபடியும் ஏசியை அடைக்கிறோம். லோரிகள் முந்துகின்றன. வீட்டுக்கு வந்து சாவியை எடுத்ததும் நான் இறங்குவதில்லை. உள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வாய்விட்டு உங்களைத் திட்டுகிறேன். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் தானாக நின்றுவிடுகிறது.

நான் இன்னும் முடிக்கவில்லை.