சுலேகா யாரிடம் கேட்டாள்

பெப்ரவரி 5, ஞாயிறு

தொழிற்சாலையில் மூன்றாம் மாடிப் பெண்கள் கழிப்பறையில் பேயாம். காலையில் ஏழாவது தையல் வரிசைப் பெண் ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவந்து விழுந்தாள். அதைப் பார்த்து இன்னும் பதினொரு பேர் மயங்கினார்கள். தண்ணீர் தெளித்து, படுக்கவைத்து, விசிறிவிட்டு, மதியம் வரை ஒரு சட்டைகூட நகரவில்லை. நிர்வாகி கிப்ரியா சாஹிப் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேய்க்கும் என் ஷிப்மென்ட் தேதிதான் கெடச்சுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வரிசை சூப்பர்வைசர் மொர்ஷெதா சிரிக்கவில்லை. "சுலேகாதான் மேடம். அதே நீலத் துப்பட்டாவாம்."

பெப்ரவரி 6, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் வேறு எங்கே?

போன மாதம் பத்தொன்பதாம் தேதி, காலை பதினொன்றரை. நான் தரச் சோதனை மேசையில் இருந்தேன். மொர்ஷெதா அன்று விடுப்பு, அதனால் சுலேகா என்னிடம் வந்தாள். வயிறு வலிக்கிறது, வீட்டுக்குப் போக கேட் பாஸ் வேண்டும் என்றாள். கையெழுத்துப் போட்ட பாஸ் இல்லாமல் காவலாளி கேட்டைத் திறக்கமாட்டான்.

"இந்த லாட் முடியட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்குக் கழிப்பறையில் சுருண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ வெடித்திருந்ததாம். பத்தொன்பது வயது.

'தொழிலாளி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை' என்று கிப்ரியா சாஹிப் அறிக்கை எழுதினார். என்னிடம் காட்டினார். நான் படித்துவிட்டு, சரி என்றேன்.

பெப்ரவரி 8, புதன்

பண்டாரவளையிலிருந்து தங்கை பேசினாள். "உனக்கென்ன, பங்களாதேஷ் போயி சட்டோகிராமில ராணி மாதிரி இருக்கே." பொய்யில்லை. குன்றின் மேல் மூன்று அறை வீடு, சமைத்துப்போட அன்வாரா, கொண்டுபோய் விட வண்டி. இலங்கையில் இந்தச் சம்பளத்தைக் கனவிலும் பார்க்க முடியாது. இதை வைத்துத்தான் அவள் பிள்ளைகள் படிக்கின்றன.

இந்த ராணி இப்போதெல்லாம் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறாள். அன்வாராவைக் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குச் சந்தோஷம், பேச ஆள் கிடைத்ததே என்று.

பெப்ரவரி 9, வியாழன்

பேயை ஓட்ட மீலாது ஓதினார்கள். மௌல்வி கழிப்பறை வாசலிலேயே நின்று ஓதினார். ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஆளுக்கொரு ஜிலேபி. நானும் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன்.

"இனி வரமாட்டாதானே?" என்று மொர்ஷெதாவிடம் கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவ வந்து என்ன சொல்றான்னு உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"என்ன சொல்றா?"

"'நான் கேட்டேன், நான் கேட்டேன்'னு."

ஜிலேபி கையிலேயே இருந்தது.

"அவ உங்க மேசைக்கு வந்தத வரிசையில அறுபத்திரண்டு பேரும் பாத்திருக்காங்க மேடம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா? பேய் சொன்னாத்தான் உண்டு."

பெப்ரவரி 11, சனி

இன்றும் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள்.

பெப்ரவரி 12, ஞாயிறு

கிப்ரியா சாஹிபிடம் பேசினேன். அறிக்கையைத் திருத்திவிடலாம், அவள் என்னிடம் கேட்டாள் என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். எனக்குத் தேநீர் வரவழைத்தார். "திருத்தலாம். ஆர்டர் குடுக்குறவன் ஓடிடுவான், அவ்வளவுதான். உங்க வேலை பர்மிட் வேற அடுத்த மாசம் புதுப்பிக்கணும். ஞாபகம் இருக்குல்ல? ஒரு மீலாது பத்தலைன்னா இன்னொண்ணு ஓதிட்டாப் போச்சு."

தேநீரைக் குடித்தேன். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. குடிச்சேனே!

பெப்ரவரி 13, திங்கள்

பயமா இருக்கு. எதுக்குப் பயம்? அவளுக்கா, பர்மிட்டுக்கா? பத்தொன்பது வயசுல கட்டுநாயக்கா கார்மென்ட்ஸ்ல நானும் காய்ச்சலோட மெஷின்ல உக்காந்திருக்கேன். என்னை விடாத அந்தப் பொம்பளைய எவ்வளவு சபிச்சேன். இப்ப அந்த நாற்காலியில யாரு? நான்தானே.

பெப்ரவரி 16, வியாழன்

எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். கிப்ரியா சாஹிப் இரண்டு முறை படித்தார். "பெட்டியக் கட்ட ஆரம்பிங்க" என்றார். காகிதம் அவர் மேசை டிராயருக்குள் போனது. அங்கிருந்து அது வெளியே வராது என்று எனக்குத் தெரியும். மொர்ஷெதாவுக்கும் தெரிந்திருக்கிறது. "ஆபீஸை விடுங்க. அவ அம்மாகிட்டச் சொல்லுங்க. அந்த அம்மா இன்னும் ஆபீஸ் சொன்னதத்தான் நம்பிக்கிட்டிருக்கு."

பெப்ரவரி 17, வெள்ளி

மொர்ஷெதா துணைக்கு வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பட்டியாவில் தகர வீடு. அந்த அம்மா பெயர் ஹாஜேரா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும். கட்டிலில் பாயை உதறிப்போட்டு உட்காரவைத்தார். நான் மனப்பாடம் செய்துகொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை.

"சுலேகா அன்னிக்கு வீட்டுக்குப் போகணும்னு கேட்டா" என்று தொடங்கினேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கேட்டாளா? வாயத் தொறந்து கேட்டாளா?"

"கேட்டா. என்கிட்டதான்..."

முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார். "அடியே, கேட்டாளாம்! எம்பொண்ணு கேட்டிருக்கா!" திரும்பி வந்து மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மொர்ஷெதாவிடம் சொன்னார். "வேலைக்குப் போற எடத்துல யார்கிட்டயும் எதுவும் கேக்காதேன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். என் பேச்சக் கேட்டு வாய மூடிக்கிட்டே செத்துட்டான்னு இருந்தேன். தெனம் அதேதான்."

நான் மறுபடி ஆரம்பித்தேன். "அம்மா, நான் இன்னும் முழுசாச் சொல்லல. அவ கேட்டப்ப நான்..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

"அத இன்னொரு நாளைக்கு வந்து சொல்லுங்க" என்றார். "இன்னிக்கு எனக்கு இது போதும்."