கேக்குக்குக் காவல்

கோத்தன்பர்க், ஸ்வீடன், ஜூன் 1995

அன்புள்ளவளுக்கு,

பிரிந்து நான்கு வருடமான பிறகு உனக்கு எழுத எனக்கு உரிமை இல்லைதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று குன்வோர் என்ற தபால்காரப் பெண்மணிக்கு, சிறுநீர்க் கசிவை நிறுத்த நான் உருவாக்கிய நாடாவை வைத்தேன். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறுநீர்க் குழாயின் அடியில் நாடாவைச் செருகி, இருமச் சொல்வேன். கசிவு நிற்கும்வரை இழுத்துச் சரிசெய்வேன். குன்வோருக்கு மூன்றாவது இருமலில் நின்றுவிட்டது.

“அப்பாடா! டாக்டர், இந்த வருஷம் நடுக்கோடை விழாவுல கம்பத்தைச் சுத்தி நானும் தவளையாட்டம் குதிக்கப்போறேன். பதினெட்டு வருஷமா முட்டி வலின்னு பொய் சொல்லிட்டு, கேக்குக்குக் காவல் உக்காந்திருந்தேன்.”

“வீட்டுக்காரருக்குத் தெரியாதா?”

“அவரா? எனக்குத் திமிருன்னு நெனச்சாரு.”

தாதிகள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

நம் சின்னவன் பிறந்த பிறகு ஒவ்வொரு நடுக்கோடையிலும் நீயும் கேக்கின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். “டாக்டர் பொண்டாட்டிக்குக் குதிக்கக் கௌரவம் தடுக்குதோ?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான். நீ நிமிராமல் ஸ்ட்ராபெரி நறுக்கிக்கொண்டிருந்தாய்.

முன்பின் தெரியாத பெண்களின் இருமலை ஒன்பது வருடம் காதுகொடுத்துக் கேட்டேன். வீட்டில் நீ சிரிப்பதை நிறுத்தியது என் காதில் விழவே இல்லை.

உன் ஊர் மருத்துவமனையில் இங்கெலா என்றொரு மருத்துவர் இருக்கிறார். இந்த நாடாவை வைக்க நான் பழக்கியவர்தான், ஆனால் என்னைவிட நிதானமான கை. உன் பெயரை அவரிடம் சொல்லவில்லை. நீ போனாலும் எனக்குத் தெரிய வேண்டாம்.

இந்த வருடம் கேக்கை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் கண்ணெதிரே குதித்துக்கொண்டிருந்தவன்